இங்கிலாந்தின் வரிசை வீடுகளும் அண்டை வீட்டார் உரிமையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



தெல்தோட்டைக் கடைவீதியில் இரண்டு வாலிபர்கள் சந்தித்துக்கொண்டால் சலாத்துக்கு அடுத்த வார்த்தை விசாவாகத்தான் இருக்கின்றது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியதையும், எரிவாயுச் சிலிண்டருக்காக நாம் வரிசையில் நின்றதையும் எவரும் மறக்கவில்லை. அதன் பின்னர் நம் வீடுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட பிள்ளைகள் பலர். மாணவராகச் சென்றவர் உண்டு; முதியோர் பராமரிப்பு வேலைக்கென்று சென்றவரும் உண்டு.

நம் வாப்பாமாரின் காலத்துப் பயணம் வேறு. சவூதிக்கும் கத்தாருக்கும் சென்றவர்கள் கம்பனி கொடுத்த தங்குமிடத்தில் படுத்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பினார்கள். அந்நாட்டுத் தெருக்களில் அவர்கள் குடியிருக்கவில்லை. இங்கிலாந்துக்குச் செல்பவனோ அங்குள்ள ஒரு தெருவில் வாடகை வீடு பிடித்து, ஒருவருக்கு அடுத்த வீட்டுக்காரனாக ஆகின்றான். புறப்படும் முன் வங்கிக் கூற்றும் சான்றிதழும் தயார் செய்கிறோம். அடுத்த வீட்டுக்காரனாக வாழ்வதற்கு அவனைத் தயார் செய்கிறோமா? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

2025ஆம் ஆண்டு ரமழானில் லூட்டன் நகரில் என் தங்கையின் மகனோடு தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. லண்டனுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீற்றர் தொலைவில் உள்ள நகரம். லண்டனில் வாடகை கொடுக்க இயலாதவர்கள் புகையிரதத்தில் அரை மணி நேரம் தள்ளி வந்து குடியேறும் இடங்களுள் அதுவும் ஒன்று. முன்னர் தொப்பித் தொழிலுக்கும் பின்னர் வொக்ஸோல் மோட்டார் தொழிற்சாலைக்கும் பெயர் போனது. அங்கே கார் உற்பத்தி 2002இல் நின்றது. வேன் உற்பத்தி 2025 மார்ச்சில், நான் அங்கிருந்த நாட்களில்தான், முடிவுக்கு வந்தது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நகர மக்களுள் 32.9 வீதமானோர் முஸ்லிம்கள். பெரும்பாலோரின் வேர்கள் காஷ்மீரின் மீர்பூரிலும் பங்களாதேஷின் சில்ஹெட்டிலும் இருக்கின்றன. பரி பார்க் என்னும் பகுதியில் ஹலால் இறைச்சிக் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவ்வூர் உதைபந்தாட்டக் கழகத்தின் கெனில்வேர்த் வீதி மைதானமும் அருகில்தான். 1905 முதல் வீடுகளுக்கு நடுவே நெருங்கி நிற்கும் மைதானம் அது. ஒரு பக்க வாயில், வரிசை வீடுகளின் நடுவிலேயே, ஒரு வீட்டின் கதவைப் போல அமைந்திருக்கின்றது. உள்ளே சென்று படியேறினால் காலுக்குக் கீழே பிறருடைய கொல்லைப்புறத்தில் உடைகள் காய்வது தெரியும். அந்நகரத்தில் எவரும் எவருக்கும் தூரமில்லை.

முதல் நாள் அந்தத் தெருவில் இறங்கியதும் என் நினைவுக்கு வந்தது நம் தோட்டங்களின் லயம்தான். மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். ஒரே கூரை, ஒரே செங்கல் வரிசை, பத்தடிக்கு ஒரு கதவு, இரு வீட்டுக்கும் ஒரே சுவர். மாடியும் குழாய்நீரும் மின்சாரமும் உண்டு என்பது பெரிய வித்தியாசந்தான். லயத்தில் ஒரே அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்ததோடு இதை நான் சமன்படுத்தவில்லை. ஆனால் தொழிலாளியைக் குறைந்த நிலத்தில் குடியமர்த்த வேண்டும் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றே. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து ஜேம்ஸ் டெய்லர் என்ற இளைஞர் நமக்கு அருகிலுள்ள லூல்கந்துரைக்கு வந்தார். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். அவருக்குப் பின் எழுந்த லயங்களை நாம் அறிவோம். அவர் புறப்பட்ட நாட்டின் லயங்களில் இன்று நம் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் என் மருமகனோடு ஐந்து வாலிபர்கள். கீழேயிருந்த வரவேற்பறையும் படுக்கையறையாக மாறியிருந்தது. எரிவாயுவுக்கு அட்டையில் பணம் ஏற்றினால்தான் அறை சூடாகும். பணம் தீர்ந்தால் குளிர். ஆகவே ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. ஈர உடைகள் அறைக்குள்ளேயே காய்கின்றன. மாடியறையின் மூலையில் சுவர் கறுத்துப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதன் மீது மக்கா படமொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டுக்குப் பேசும்போது கமராவில் சுவர் தெரியக்கூடாதாம்.

இரண்டாம் நாள் ஸஹர் நேரம். நான்கு மணி இருக்கும். ஐவரும் மரப்படிகளில் தடதடவென்று இறங்கினார்கள். சற்றைக்கெல்லாம் சுவரின் மறுபக்கத்திலிருந்து மூன்று முறை பலமாகத் தட்டும் ஓசை கேட்டது. யாரும் திடுக்கிடவில்லை. “மாமா, அது வெறுப்பு. நாங்கள் முஸ்லிம்கள் என்பதற்காகத் தட்டுகிறாள். இரண்டு வருடமாக இப்படித்தான்” என்றான் மருமகன். அங்கே யார் இருக்கிறார் என்று கேட்டேன். ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் என்றான். பெயர்? ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது.

நேயர்களே, அல்லாஹு தஆலா சூரத்துன் நிஸாவின் 36ஆவது வசனத்தில் தன்னை வணங்குவதையும் பெற்றோருக்கு உபகாரம் செய்வதையும் கட்டளையிட்ட அதே தொடரில் உறவினரான அண்டை வீட்டாரையும், அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்துக் கூறுகின்றான். அந்நியர் என்ற அச்சொல் விளிம்பில் ஒதுக்கப்பட்ட சொல்லன்று. கட்டளைக்குள்ளேயே நிற்கும் சொல். வாரிசுரிமையே கொடுத்துவிடுவாரோ என்று எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைக் குறித்துத் தமக்கு வலியுறுத்தியதாக நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கின்றது. இரண்டு அயலவர் இருந்தால் அன்பளிப்பை யாருக்குக் கொடுப்பது என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டபோது, எவருடைய வாசல் அருகில் இருக்கிறதோ அவருக்கு என்று விடை கிடைத்தது. வாசலின் தூரத்தை அளந்தார்கள். வாசலுக்குள் இருப்பவரின் மார்க்கத்தை அளக்கவில்லை. லூட்டனில் அந்த வாசல்கள் இரண்டுக்கும் இடையே நான் எண்ணிய தூரம் நான்கு எட்டு.

அன்று மாலை வட்டிலப்பம் செய்யச் சொன்னேன். கித்துள் கருப்பட்டி என் பையில் இருந்தது. இப்தாருக்கு முன்னர் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு மருமகனை அழைத்துச் சென்று கதவைத் தட்டினோம். அவன் முகம் வெளிறியிருந்ததை இங்கே சொல்வதில் தவறில்லை. மொழிபெயர்க்க வேண்டியவனும் அவனே.

அப்பெண்மணி கதவைப் பாதிதான் திறந்தார். அதிகாலைச் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டோம். ஸஹர் என்றால் என்னவென்று மருமகன் விளக்கத் தொடங்கினான். அவர் இடைமறித்தார். நோன்பைப் பற்றித் தமக்குத் தெரியும் என்றும், எதிர்வீட்டுப் பாகிஸ்தான் குடும்பத்தார் பல ஆண்டுகளாகப் பெருநாள் தோறும் சோறு கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார். வைத்தியசாலையொன்றில் துப்புரவு வேலை; ஆறு மணிக்குக் கடமை தொடங்குகிறது; ஐந்து மணிக்கு எழ வேண்டும். நமது மரப்படிகள் ஒட்டியிருக்கும் சுவரில்தான் அவருடைய கட்டிலும் ஒட்டியிருக்கின்றது. உறக்கத்தின் கடைசி ஒரு மணி நேரத்தை ரமழான் முழுவதும் இழந்துகொண்டிருந்தார். அத்தோடு ரமழான் அல்லாத பதினொரு மாதமும் அந்தப் படிகளில் நள்ளிரவில் வேலை முடிந்து வருபவர்களின் சப்பாத்துச் சத்தம். இரண்டு வருடமாகத் தட்டியது அதற்காகத்தான்.

வெறுப்பே அந்நாட்டில் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் விசாரிக்காமல் ஒருவர் மீது வெறுப்பைச் சுமத்துவது கெட்ட எண்ணமாகும். மருமகனுக்கு என் மீது வருத்தம்தான். வழியில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஐவரும் பணம் சேர்த்துப் பழைய கம்பளத் துண்டொன்றை வாங்கிப் படிகளில் ஆணியடித்தார்கள். இரவில் சப்பாத்தை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாயிற்று. தட்டும் சத்தம் நின்றது.

மூன்றாம் நாள் அவர் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். வெறுந்தட்டாக அல்ல, ஆப்பிள் போட்ட பணியாரம் ஒன்று இருந்தது. மதுவகை ஏதும் சேர்க்கவில்லை என்று அவரே கூறினார். உள்ளே வந்து தேநீர் குடிக்கும்போதுதான் மாடிச் சுவரின் பூஞ்சணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருடைய படுக்கையறையிலும் அதே மூலை, அதே கறுப்பு. இரண்டு வீட்டுக்கும் உரிமையாளர் ஒருவரே. அவர் தனித்தனியாக இரு தரப்பாரிடமும், “பக்கத்து வீட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, நீங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒரு சுவரின் இருபுறமும் இருந்தவர்கள் பேசிக்கொள்ளாததால் அந்தப் பொய் இரண்டு வருடம் நிலைத்தது.

பூஞ்சணம் சிறிய விடயமல்ல. ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஸ்ஹாக் என்ற இரண்டு வயது முஸ்லிம் குழந்தை இறந்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். குறைந்த வாடகைக் குடியிருப்பொன்றில் வாழ்ந்தவர்கள். பூஞ்சணத்தைப் பற்றி அவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டிருந்தார்கள். அந்தப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அக்குழந்தையின் பெயராலேயே வழங்கும் சட்டம் 2023இல் நிறைவேறி, 2025 ஒக்டோபர் 27 முதல் சமூக வீடமைப்பு நிறுவனங்களைக் குறித்த நாட்களுக்குள் திருத்தவேலை செய்யக் கட்டாயப்படுத்துகின்றது. ஒரு குழந்தையின் மரணத்தால் ஒரு நாட்டின் வீட்டுச் சட்டம் மாறியது. அந்தப் பெற்றோருக்கு அல்லாஹ் அழகிய பொறுமையைக் கொடுப்பானாக.

தனியார் வாடகை வீட்டுக்கு அச்சட்டம் அப்போது பொருந்தாவிட்டாலும், ஆரோக்கியக் கேடான வீட்டைப் பற்றி நகர சபையிடம் முறையிடும் உரிமை வாடகைக் குடியிருப்பாளர் எல்லோருக்கும் உண்டு. நம் பிள்ளைகள் அஞ்சினார்கள். முறையிட்டால் விசாவுக்குப் பாதகம் வந்துவிடுமாம். அப்படி யார் சொன்னார் என்று கேட்டால் எவருக்கும் தெரியவில்லை. ஈற்றில் அப்பெண்மணி கடிதத்தை எழுதினார். இரு வீட்டாரும் ஒப்பமிட்டார்கள். அதிகாரி வந்து பார்த்தார். உரிமையாளர் கூரையின் நீர்க்குழாயைத் திருத்தினார். சுவரை இன்னும் முழுமையாகத் திருத்தவில்லை என்றுதான் கடைசியாகக் கேள்விப்பட்டேன். தன் சுவரில் அயலவர் ஒரு மரத்தைப் பொருத்துவதைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்த ஹதீஸை நான் பல முறை வாசித்திருக்கிறேன். ஒரு சுவரின் மீது இருவருக்கு உரிமை இருப்பதென்றால் என்னவென்று அந்த மாடியறையில்தான் எனக்கு விளங்கியது.

வெறுப்பைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். 2024 ஜூலை 29இல் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் முஸ்லிம் என்று பொய் பரப்பப்பட்டது. மறுநாள் மாலை அங்குள்ள பள்ளிவாசலை ஒரு கூட்டம் தாக்கிச் சுற்றுமதிலை உடைத்துக் கற்களை எறிந்தது. நேயர்களே, கண்டி மாவட்டத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததைக் கண்ட கண்கள் நம்முடையவை. ஒரு வாலிபர் எரிந்த வீட்டுக்குள் மடிந்தார். அதே நாட்களில் சிங்கள அயலவர் தம் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய குடும்பங்களும் உண்டு. அவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சவுத்போர்ட்டிலும் விடிந்ததும் சுற்றுவட்டார மக்கள் வாளியும் துடைப்பமும் கொண்டு வந்தார்கள். கொத்தனார்கள் கூலியின்றி அந்த மதிலை மீண்டும் கட்டினார்கள்.

லிவர்பூல் நகரின் ப்ரூஹம் டெரஸ் என்பதும் ஒரு வரிசை வீடுதான். இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கில வழக்கறிஞர் அப்துல்லாஹ் குயில்லியம் 1889இல் அதன் எட்டாம் இலக்க வீட்டைப் பள்ளிவாசலாக்கினார். பாங்கு சொன்னபோது கல்லெறிந்த அயலவர்கள் அன்றும் இருந்தார்கள். 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் அவருடைய பெயரைத் தாங்கிய அந்தப் பள்ளிவாசலுக்கு முன்னால் எதிர்ப்பாளர்கள் திரண்டார்கள். இமாம்களுள் ஒருவரான அடம் கெல்விக் உணவுத் தட்டுகளோடு வீதியைக் கடந்து அவர்களிடம் சென்றார். சிலர் வாங்கி உண்டார்கள். சிலர் அவரைக் கட்டித் தழுவினார்கள். எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று அவரும் கூறவில்லை.

இனிப் பெற்றோர்களிடம் ஒரு கணக்கு. 2025 ஏப்ரலில் அந்நாட்டில் 21 வயதை எட்டியவருக்கான குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 12 பவுண் 21 பென்ஸாக ஆனது. அக்கூலியில் வாரம் 40 மணித்தியாலம் வேலை செய்தவருக்கு வரியும் காப்புறுதியும் கழித்து மாதம் சுமார் 1,800 பவுண் கையில் வந்தது. இதை ரூபாவாகப் பெருக்கித்தான் நாம் மயங்குகிறோம். லூட்டன் போன்ற மலிவான நகரிலும் சிறியதொரு குடும்ப வீட்டுக்கு மாதம் 1,000 பவுணுக்கு மேல் வாடகை. அதன் மேல் நகர சபை வரி, எரிவாயு, மின்சாரம், பஸ். மாணவனாயின் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யச் சட்டமே இடங்கொடாது. அவனுக்கு வருவது இதில் பாதியை விடச் சற்றுத்தான் அதிகம். மூன்று வருடத்தில் மாடி வீடு கட்டத் தருவான் என்று நாம் அவன் தலையில் எழுதி அனுப்பினால், அவன் சட்டத்தை மீறுவான். அல்லது சுவரில் படத்தைத் தொங்கவிடுவான்.

முகவர்களின் வார்த்தையை நம்பி நகையை அடகு வைப்பவர்களும் கேட்கட்டும். பராமரிப்பு வேலைக்குச் செல்பவர் மனைவி மக்களை அழைத்துச் செல்லும் வழி 2024 மார்ச் 11இல் மூடப்பட்டது. வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளரை எடுப்பதே 2025 ஜூலை 22இல் நிறுத்தப்பட்டது. இதற்குப் பின்னும் பணம் கேட்பவரை என்னவென்று அழைப்பது?

நிலைத்துவிட்ட சிலர் வீடு வாங்க நினைக்கிறார்கள். வட்டியை விட்டு விலகும் வழி அங்கே உண்டு. வங்கியும் வாங்குபவரும் பங்காளிகளாகி, வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும் முறை அது. இரட்டை முத்திரை வரி என்ற தடையை அந்நாட்டு அரசே 2003இல் நீக்கியது. 2004இல் தொடங்கிய இஸ்லாமிய வங்கி 2014 முதல் அல் ரய்யான் என்ற பெயரில் இயங்குகின்றது. செலவு சற்று அதிகம். ஆகவே அவசரப்பட்டு வட்டிக் கடனில் விழ வேண்டாம். அறிந்த ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

இபாதத்தின் ஒழுங்கும் மாறுகின்றது. நமக்கு மஃரிப் எக்காலமும் ஆறு மணியை ஒட்டித்தான். அங்கே டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறையும். ஜூனில் ஒன்பதரை மணி வரை நிற்கும். 2016இல் ஜூன் மாதத்து ரமழானில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நோன்பிருந்து, அதே நாளில் பொதிகளையும் சுமந்த பிள்ளைகளுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

திரும்பி வந்த அன்று தங்கை வாசலிலேயே காத்திருந்தாள். மருமகன் தன் வாயாலேயே அவளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். நான் விமானத்தில் இருந்தபோது அவன் படத்தைக் கழற்றிவிட்டுச் சுவரைக் காட்டியிருக்கிறான். அவள் அழுதாளாம். அழுது முடித்த பின் வந்தவள்தான் என் முன் நின்றாள். சம்பளத்தைப் பற்றிக் கேட்பாள் என்று எண்ணினேன்.

“நாநா, பக்கத்து வீட்டில் நல்ல மனிதர்களா?” என்று கேட்டாள்.

சொன்னேன். அடுத்த மாதம் கலஹாவிலிருந்து ஒருவர் லண்டனுக்குப் புறப்பட்டார். அவரிடம் கொடுக்க அவள் இரண்டு பொதிகள் கட்டினாள். ஒன்று மகனுக்கு மாசியும் கறித்தூளும். மற்றையது நம் மலையின் தேயிலை ஒரு கிலோ. அதன் மேல் எழுத அந்தப் பெண்மணியின் பெயரைக் கேட்டாள். இம்முறை மருமகனுக்கு அது தெரிந்திருந்தது, எழுத்தெழுத்தாகச் சொன்னான்.